ஆய்வகம் தேடும் நாட்கள்

ஜூன் 21, 2024, வெள்ளி

நான்கு நாட்களில் தொடங்கவிருந்த, அறிவியல் ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வை ஒத்திவைப்பதாக இன்றிரவு அறிவித்துவிட்டார்கள். புதிய தேதி சொல்லப்படவில்லை. அத்தேர்வில் வென்று மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகையைக் கையில் வைத்திருப்பவரைச் சேர்த்துக்கொள்ளப் பேராசிரியருக்குத் தனி நிதி தேவையில்லை. அது இல்லாத என்னைப் போன்றவர்கள் அவருடைய ஆய்வுத் திட்டத்தில் ஓர் இடம் காலியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

சென்ற ஆண்டு ஒரே கடிதத்தை இருபது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. இன்று ஒரே ஒருவருக்கு எழுதினேன், அதற்கு முழு நாளும் ஆயிற்று. ஏடிஸ் கொசுக்கள் பூச்சிக்கொல்லிகளை எதிர்த்துத் தாங்குவதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) மூலம் கண்டறிவது அவருடைய ஆய்வு. அவருடைய இரண்டு கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை வரிவரியாகப் படித்த பிறகு, முதுகலை ஆய்வேட்டுக்காகக் கொசுப் புழுக்களை வளர்த்து இலைச்சாறுகளின் கொல்திறனைக் கணக்கிட்டிருக்கிறேன் என்பதையும், பி.சி.ஆர். வேலையை ஒருமுறைகூடத் தனியாகச் செய்ததில்லை என்பதையும் அப்படியே எழுதினேன்.

ஜூன் 28, வெள்ளி

தேர்வு ஜூலை 25 முதல் 27 வரை. பேராசிரியரிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்திருக்கிறது: 9ஆம் தேதி நேரில் வரலாம்.

ஜூலை 3, புதன்

வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டப் பணிக்கு நேர்முகத் தேர்வு. ஓர் இடத்துக்குப் பலர் வந்திருந்தோம், பயணப்படி கிடையாது. 5 மோலார் செறிவுள்ள உப்புக் கரைசலிலிருந்து 150 மில்லிமோலார் கரைசல் 100 மில்லி தயாரிக்க எவ்வளவு எடுப்பாய் என்று கேட்டார்கள். 3 மில்லி என்றேன். இறுதியில், திட்டம் எப்போது முடிகிறது என்று நான் கேட்டேன். வரும் மார்ச்சில் என்றார்கள். திட்டம் முடிந்தால் பணியும் முடிந்துவிடும் என்பது விளம்பரத்தில் இருக்கும், எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்பது இராது. அதைக் கேட்காமல் யாரும் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது என்றே நினைக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

பேராசிரியர் பத்து நிமிடம் பேசிவிட்டு, “மீதியை இவங்ககிட்ட கேளுங்கம்மா” என்று நான்காம் ஆண்டு ஆய்வு மாணவியிடம் என்னை விட்டுவிட்டுப் போனார். தம் மாணவர்களைத் தனியே பேசவிடும் பேராசிரியர் மீது எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது. கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வருகிறது, முன்னால் இருந்தவர்கள் எத்தனை ஆண்டில் பட்டம் பெற்றார்கள், வேதிப்பொருள் தீர்ந்தால் வாங்க எவ்வளவு நாள் ஆகிறது என்று நான் கேட்டவற்றுக்கெல்லாம் அந்த அக்கா மறைக்காமல் பதில் சொன்னார். திட்டத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. முனைவர் பட்டப் பதிவுக்குத் தனியே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

நெட் தேர்வு முடிந்ததும் பேராசிரியர் வரச் சொல்லியிருக்கிறார். ஆய்வேடு வேண்டாம், அன்றாடம் எழுதிய குறிப்பேடு வேண்டும் என்கிறார். எடுத்துப் புரட்டினேன். மருந்து கலக்காத நீரில் இருந்த 25 புழுக்களில் 6 இறந்துபோன ஒரு நாளின் கணக்கு அதில் இருக்கிறது. அவ்வாறு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறந்தால் அச்சோதனையை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நானும் நீக்கினேன், ஆனால் அவை ஏன் இறந்தன என்று தேடவில்லை. அந்தப் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன்.