அம்மா பேசியது உளறல் இல்லை

போன வாரம், தெப்பத்துக்கு மறுநாள், அம்மாவின் மாற்றுத்திறனாளி அட்டை தபாலில் வந்தது. மஞ்சள் அட்டை. அதாவது 40 சதவீதத்துக்கு மேல், 80க்குக் கீழ். இதற்காக ஆனி மாதத்திலிருந்து அலைந்திருக்கிறேன். ஆட்டோவுக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும்.

டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கும் இந்த மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு என்பது எனக்கே தெரியாது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, டிமென்ஷியாவுக்குத் தனியாக ஒரு வரி கிடையாது. நினைவும் நிதானமும் கெட்டு அன்றாட வாழ்க்கையே தடுமாறுவதை மனநோய் என்ற வகையில் சேர்த்துத்தான் சான்று தருகிறார்கள். இதைக் கேட்டதும் சென்னையிலிருந்து அண்ணன் போனில் குதித்தான். "அம்மாவுக்கு மனநோய்னு கவர்மெண்ட்ல எழுதி வாங்கப் போறியா?" வேறு என்ன பெயரில் எழுதுவது? எங்கள் தெருவில் இந்த நோய்க்கு இருக்கிற ஒரே பெயர் "வயசாயிருச்சுல்ல".

ஆன்லைன் விண்ணப்பம், ஆதார், போட்டோ, கைநாட்டு எல்லாவற்றையும் என் மகன் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டான். மாட்டிக்கொண்டது பாஷையில்.

நாங்கள் சௌராஷ்டிரர், மதுரை முனிச்சாலைப் பக்கம். அம்மாவுக்கு 78 வயது. எட்டு வயதில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்தவள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழில் தெற்குமாசி வீதியில் பேரம் பேசினால் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் வீட்டில் பேசியது எங்கள் சௌராஷ்டிர பாஷைதான். இந்த நோய் பிந்திப் படித்ததை முந்தி அழிக்கும் போலிருக்கிறது. இரண்டு வருடமாகத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. பக்கத்து வீட்டு அக்கா "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் அம்மா சிரிக்கிறாள், பதில் எங்கள் பாஷையில் வருகிறது.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காலை ஏழரைக்கு டோக்கன் வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு சின்ன டாக்டர், நல்ல பிள்ளைதான், ஆனால் கண்ணெல்லாம் வாசலில் நிற்கிற வரிசை மேல். 30 மார்க் கேள்வித்தாள் ஒன்றை எடுத்தார். என்ன வருடம், என்ன மாதம், இது எந்த மாடி. "நீங்க வெளிய இருங்கம்மா, எடுத்துக் குடுப்பீங்க" என்று என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். கதவு பாதி திறந்திருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது.

மூன்று சொல் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அதில் ஒன்று தண்ணீர். அம்மா "பானி" என்றாள். தெளிவாகச் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். எங்கள் பாஷையில் தண்ணீருக்கு அதுதான் பெயர். டாக்டர் பேசாமல் பூஜ்யம் போட்டார். மேசை ஓரத்தில் நின்ற உதவியாளர் வெளியே வந்து என்னிடம், "என்னம்மா, ஹிந்திக்காரவுகளா?" என்றார். நாயக்கர் மகாலுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற எங்களைப் பார்த்து!

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கை சும்மா இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, படுக்கை விரிப்பின் ஓரத்தை நகத்தால் கிள்ளி, முந்தானையில் தொங்கிய ஒரு நூலை எடுத்துச் சுற்றி, அரிசி அளவில் வரிசையாக முடிச்சுப் போட்டிருக்கிறாள். நான் உள்ளே போனபோது ஒன்பது முடிச்சு இருந்தது. இடைவெளி ஒரு நூல் பிசகவில்லை. அதற்கு மார்க் கிடையாது.

30க்கு 8. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது, மகன் படித்துச் சொன்னான்: பேச்சு சம்பந்தமில்லாமல் இருக்கிறது, புரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அம்மாவுக்கு மறதி இருப்பது எனக்குத் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறவள்தான். ஆனால் அவள் உளறவில்லை. கேட்டவருக்குப் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போனில் அழுதேன். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அங்கே குஜராத்தி, பஞ்சாபி, வங்காளிக் குடும்பத்துப் பெரியவர்கள் நாற்பது ஐம்பது வருடம் பேசிய ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்புவது வாடிக்கையாம். அந்த மொழிகளில் பலவற்றில் இந்த நோய்க்குச் சரியான சொல்லே கிடையாது, பைத்தியம் என்று ஆகிவிடும், அதனால் வீட்டுக்குள்ளேயே மூடி வைத்துவிடுகிறார்கள். "ஆசியக்காரங்க அவங்க ஆட்களை அவங்களே பாத்துக்குவாங்கன்னு அதிகாரிகளும் விட்டுருவாங்க சித்தி" என்றாள். 2013இல் அந்த நாட்டு எம்.பி.க்கள் குழு ஒன்று கணக்குப் போட்டதாம்: சிறுபான்மை இனத்தாரில் இந்த நோய் உள்ளவர்கள் அப்போதே கிட்டத்தட்ட 25,000 பேர், 2051க்குள் 1,72,000ஐத் தாண்டும்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உதவியது. ருடாஸ் என்று ஒரு சோதனை, 2004இல் ஆஸ்திரேலியாவில் பல மொழிக்காரர்களுக்காகவே உண்டாக்கியது. இதுவும் 30 மார்க்தான், ஆனால் பள்ளிக்கூடக் கணக்கு கிடையாது. கடைக்குப் போய் வாங்க வேண்டிய நாலு சாமான் பட்டியல்: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. போக்குவரத்து உள்ள ரோட்டை எப்படிப் பத்திரமாகக் கடப்பீர்கள் என்று ஒரு கேள்வி. மொழிபெயர்ப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யலாம். "சித்தி, அந்தச் சோதனையே வேணும்னு அடம் பிடிக்காதீங்க. எங்க பாஷையில கேளுங்கன்னு மட்டும் அடம் பிடிங்க."

பிடித்தேன். வேறொரு மனநல மருத்துவரிடம் காசு கட்டிப் போனேன். வயதானவர், பொறுமைசாலி. என்னை உள்ளேயே உட்கார வைத்து, "நான் கேக்கிறதை அப்படியே மாத்திச் சொல்லுங்க, ஒரு சொல் கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம், கண்ணைக் காட்டவும் கூடாது" என்றார். இது நினைப்பதை விடக் கஷ்டம். அம்மா திணறும்போது எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும். முடிந்தால் சோதனைக்கு மகன் மகள் மொழிபெயர்க்காமல், பாஷை தெரிந்த வேறு யாரையாவது கூட்டிப் போங்கள். ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா என்று கேட்டவரும் அவர்தான். அவை குறைந்தாலும் மறதி வருமாம். அம்மாவுக்கு இரண்டும் சரியாக இருந்தன.

இந்த முறை 15. அதே கேள்வித்தாள், அதே அம்மா. சீட்டில் அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார்: தாய்மொழி சௌராஷ்டிரம், மகள் மொழிபெயர்க்கச் சோதிக்கப்பட்டது, பேச்சு பொருளுடன் உள்ளது. அந்தச் சீட்டை லேமினேட் பண்ணலாமா என்றுகூட நினைத்தேன். பண்ணாதீர்கள், மேலே சீல் வைக்க முடியாது.

இதைக் கேட்ட நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "மார்க் கம்மியா இருந்தாத்தானே சான்று கிடைக்கும், நீ ஏன் கூட்டி வாங்கிட்டு வந்திருக்க?" நியாயமான கேள்வி. ஆனால் சான்றுக்கான சதவீதத்தை இந்த 30 மார்க்கை வைத்துப் போடுவதில்லை. அதற்கு ஐடியாஸ் என்று வேறொரு அளவுகோல். தன் காரியத்தைத் தானே பார்ப்பது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. நோய் வந்து எத்தனை வருடம் என்பதற்கும் ஒன்றிலிருந்து நாலு. ஆக 20. கூட்டினால் 7 வர வேண்டும், வந்தால் 40 சதவீதம்.

அந்த 'எத்தனை வருடம்' என்ற இடத்தில்தான் அடுத்த அடி. இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மார்க், இரண்டைத் தாண்டினால் இரண்டு. "ஆதாரம் இருக்கா?" என்றார் சான்று கொடுக்கும் இடத்தில் கவுண்டரில் இருந்தவர். நாலு வருடம் முன்பு எங்கள் தெரு டாக்டர் 'மறதி' என்று குறித்த சீட்டு வீட்டில் எங்கேயோ இருந்தது. "எங்கேயோ இருக்குன்னா எப்படிம்மா? அடுத்த செவ்வாய் வாங்க." அடுத்த செவ்வாய் போனால் மனநல டாக்டர் லீவு. அதை முன்னாலேயே போனில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அன்று நடைபாதையில் சேலையை நனைத்துவிட்டாள். மாற்றுத் துணி எடுத்துப் போகாதது என் தப்பு. இப்போது பையில் எப்போதும் ஒரு உள்பாவாடை, ஒரு துண்டு, ஒரு பாலிதீன் பை இருக்கும்.

சீட்டுக்காகப் பீரோ, பரண், சாமி அலமாரி எல்லாம் கவிழ்த்தாயிற்று. பதினைந்து நாள் கழித்து அரிசி டிரம்மில் படி விடும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. பழைய சுங்குடித் துணி. அதற்குள் எட்டாக மடித்த அந்தச் சீட்டு, அப்பாவின் பென்ஷன் புத்தகம், என் கொலுசின் திருகாணி, ஒரு மாரி பிஸ்கட். மேலே அம்மாவின் முடிச்சு. அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. காகிதம் காணோம் என்றால் முதலில் அரிசியில் தேடுங்கள்.

சான்று கொடுக்கும் நாள் பத்தே நிமிடத்தில் முடிந்தது. கூட்டித்தொகை 11. பேச்சுத் தலைப்பில் முதலில் நாலு போடப் போனார்கள், சீட்டை நீட்டினேன், படித்துவிட்டு இரண்டாக்கினார்கள். சான்றுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. எனக்குத்தான் அந்த இரண்டு வேண்டியிருந்தது.

நடுவில் கார்த்திகையில் இன்னொரு கூத்து. அப்பா தபால் துறை என்பதால் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன், நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். வங்கியில் "நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கிதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது, நான் அதைத் தெரிந்துகொண்டது பிற்பாடு. கூட்டிப் போனேன். அம்மா கோயில் என்று நினைத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள், திரும்பி வந்தால் செருப்பு இல்லை. ரேகையும் விழவில்லை. எழுபது வருடம் முடிச்சுப் போட்ட விரலில் ரேகை எங்கே இருக்கும்?

தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருவார் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எங்களுக்குச் சொல்லாததால் மகன் போனிலேயே முகம் காட்டும் ஆப்பைப் போட்டான். முதலில் செய்பவர் முகம், அப்புறம் பென்ஷன்காரர் முகம். கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டச் சொன்னால் அம்மா சாமி முன்னால் நிற்பது போல இறுக்கி மூடிக்கொண்டாள். திறக்கச் சொன்னால் கொட்டாமல் பார்த்தாள். பதினோரு தடவை சிவப்பு. கடைசியில் நான் பக்கவாட்டில் நின்று, பாலை ஆற்றுவது போல முகத்தில் லேசாக ஊதினேன். படபடவென்று சிமிட்டினாள், பச்சை விழுந்தது. எச்சில் தெறிக்கிறது என்று எங்கள் பாஷையில் எனக்கு நல்ல திட்டு.

அட்டையால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவருக்குக் கழிவு தரும் நோய்களில் டிமென்ஷியா பெயரோடு இருக்கிறது, 40 சதவீதம் சான்று இருந்தால் மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவில் ஒரு லட்சம் வரை கழிக்கலாம். எங்கள் வீட்டில் வரி கட்டுகிறவன் அண்ணன். மனநோய் என்று குதித்தவன் நேற்று போன் பண்ணி அட்டையை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னான். மாத்திரைச் செலவு யாருடையது என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

லெஸ்டர்காரி ஒன்று கேட்டாள். அங்கே 2014ஆம் வருடச் சட்டப்படி, பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். "இத்தனை மாசத்துல உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா சித்தி?" யோசித்துப் பார்த்தேன். அந்த வயதான டாக்டர் மட்டும், "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416 இரண்டையும் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். நாத்தனார் இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் வந்து அம்மாவோடு இருக்கிறாள். அவளுக்கு எங்கள் பாஷையில் பாதிதான் தெரியும், ஆனால் டி.எம்.எஸ். பாட்டைப் போட்டுவிடுவாள், அவரும் எங்கள் ஆள்தானே, இரண்டு பேருக்கும் பொழுது போய்விடும்.

அதனால் செவ்வாய் எனக்கு ஓய்வு. முனிச்சாலை, காமராஜர் சாலை, தெப்பக்குளம் பக்கம் யார் வீட்டிலாவது இதே மாதிரி பெரியவர் இருந்து, டாக்டர் கேட்பதை எங்கள் பாஷையில் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன். திங்கள் ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள், ஏழரைக்கே டோக்கன் எடுக்க வேண்டும்.