பள்ளிக்கு ஒரு போலீஸ்: டெக்சாஸ் கமிட்டியில் ஒரு அம்மா

டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு பாதுகாப்புக் கமிட்டி இருந்தாக வேண்டும். (நம்மூர் கலெக்டர் மாவட்டம் இல்லை. சில ஊர்களுக்குச் சேர்த்து, தனி போர்டும் தனி வரியும் வைத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு.) போலீஸ், அவசரகால நிர்வாகம், போர்டு உறுப்பினர்கள், ஆசிரியர் ஆகியோரோடு பெற்றோரும் அதில் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளுக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் ஊரில் 2023ஆம் ஆண்டு ஒன்று காலியானது. பிடிஏ கூட்டத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் போர்டு உறுப்பினர் ஒருவர் நேராக என்னிடமே கேட்டார். எனக்கு வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். எதைப் பார்த்தாலும் "இது எங்கே உடையும்?" என்று யோசித்தே பழக்கம். சரி என்றேன். பின்னணிச் சரிபார்ப்பு, ரகசியம் காப்பதாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அந்த ஜூனில்தான் மாநிலச் சட்டமன்றத்தின் எச்பி 3 என்ற மசோதா கையெழுத்தாகிச் சட்டமாகியிருந்தது. செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு பள்ளியிலும், தொடக்கப் பள்ளி உட்பட, வகுப்பு நேரம் முழுக்க ஆயுதம் ஏந்திய ஒரு பாதுகாப்பு அதிகாரியாவது இருக்க வேண்டும். அதற்கு முன் எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் மட்டும்தான் நகரப் போலீஸிலிருந்து ஆபீசர் வருவார். ஆக, 'போலீஸ் வேண்டுமா, வேண்டாமா' என்ற விவாதமே எங்கள் மேசைக்கு வரவில்லை. அது மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் முடிந்துபோயிருந்தது. எங்களுக்கு மிஞ்சியது யாரை, எந்தக் காசில், என்ன பயிற்சியோடு, எந்தக் கட்டுப்பாட்டில் என்பதுதான். உண்மையில் கனமான பகுதி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் காசு. மாநிலம் ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 டாலரும், ஒரு மாணவருக்கு 10 டாலரும் ஒதுக்கியது. சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம், வண்டி, ரேடியோ எல்லாம் சேர்த்தால் ஒரு ஆபீசருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் ஆகும் என்று எங்கள் நிதி அதிகாரி கணக்குக் காட்டினார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. காசு இருந்தாலும் ஆள் வேண்டுமே? மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள். எல்லோரும் அதே கோடையில் அதே ஆட்களைத் தேடினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்க்கை போனஸ் அறிவித்தால் மறுவாரம் எங்களிடம் விண்ணப்பித்தவர்கள் விலகினார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களுக்கு அப்படி ஒரு கிராக்கியை நான் பார்த்ததில்லை.

சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. நிதியோ தகுதியான ஆளோ இல்லையென்றால் போர்டு அதைத் தீர்மானமாகப் பதிவுசெய்துவிட்டு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். மாற்று என்றால், துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர், அல்லது அதே பயிற்சி பெற்ற ஒப்பந்தக் காவலர், அல்லது 80 மணி நேரப் பயிற்சி முடித்த 'ஸ்கூல் மார்ஷல்'. ஆசிரியர் கையில் துப்பாக்கியா என்று கமிட்டியில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. கிராமப்புற மாவட்டங்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஷெரிஃப் வந்து சேர அரை மணி நேரம் ஆகும் இடத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. எங்கள் ஊரில் நாலைந்து நிமிடத்தில் போலீஸ் வந்துவிடும். கமிட்டியில் இருந்த ஆசிரியை ஒருவர், "இருபது குழந்தைகளுக்கு நடுவில் குனிந்து ஷூ லேஸ் கட்டிவிடுபவள் நான். இடுப்பில் அதை எங்கே வைத்துக்கொள்வது?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

முதல் ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒப்பந்தக் காவலர்கள் வந்தார்கள். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மாதத்துக்கொரு முகம். குழந்தைகள் ஒருவரின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் அவர் போய்விடுவார். ஒருவர் பெரும்பாலும் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருந்தார். சட்டப்படி அவரும் 'வளாகத்தில்'தான் இருந்தார். அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு விதத்தில் உதவியது: அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் முழுநேர ஆபீசர்களுக்கு ஓட்டுப் போட போர்டுக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து நகரப் போலீஸோடு போடும் ஒப்பந்தம். எம்ஓயூ என்பார்கள். பார்க்க இருபது பக்க அலுப்பு. ஆனால் பள்ளிக்குள் ஆபீசர் என்ன செய்வார் என்பது அதில்தான் இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தில் "பள்ளி நிர்வாகம் கேட்கும் பிற உதவிகள்" என்று ஒரு வரி இருந்தது. இந்த மாதிரி வரியைத்தான் டெஸ்டிங்கில் நாங்கள் தேடித் தேடிப் பிடிப்போம். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஃபோனைக் கொடுக்க மறுக்கும் பையன், வகுப்பில் எழுந்து நடக்கும் சிறுமி, பாத்ரூமில் வேப் (இ-சிகரெட்) பிடித்தவன், எல்லோரும். 2019இலேயே மாநிலச் சட்டம் வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை வேலையைப் பள்ளிப் போலீஸுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பு 2013வரை வகுப்பில் கலாட்டா செய்ததற்கே போலீஸ்காரர் அபராத டிக்கெட் எழுத, பிள்ளைகள் கோர்ட் படி ஏறிய கதையெல்லாம் இங்கே உண்டு. அந்த வரியை எடுத்துவிட்டு, எதற்கு ஆபீசரைக் கூப்பிடலாம், எதற்கு துணை முதல்வரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு பத்தி எழுத வைத்தோம். நகர வழக்கறிஞர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டத்தில் இருப்பதை ஒப்பந்தத்தில் எதற்குத் திரும்ப எழுத வேண்டும் என்றார். ஆசிரியர் கையில் சட்டப் புத்தகம் இருக்காது, இந்தத் தாளின் சுருக்கம் இருக்கும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம்.

இதில் எங்களைப் போல இங்கே குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு தனிக் கவலையும் இருந்தது. 2015 செப்டம்பரில், இதே டல்லாஸ் வட்டாரத்தில் இர்விங்கில், குடியேறிய குடும்பத்துப் பையனான 14 வயது மாணவன் ஒருவன் வீட்டில் தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். குண்டு மாதிரி இருக்கிறதென்று போலீஸைக் கூப்பிட்டார்கள். கையில் விலங்கு. நாசா டீ-ஷர்ட்டோடு நின்ற அந்தப் படம் இங்குள்ள நம்மவர் யாருக்கும் மறக்காது. எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸாப் குழுவில் நான் கமிட்டியில் இருப்பது தெரிந்ததும் வந்த முதல் கேள்வியே, "அக்கா, நம்ம பசங்க ரோபாட்டிக்ஸ் கிட்டை எடுத்துட்டுப் போனா?" என்பதுதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமா தஞ்சாவூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு விஷயமே விளங்கவில்லை. "ஏம்மா, எங்க ஸ்கூலுக்குள்ள போலீஸ் வந்தா ஒண்ணு எலெக்‌ஷன் பூத்துக்கு, இல்ல பப்ளிக் எக்ஸாம் கொஸ்டின் பேப்பருக்கு. புள்ளைங்களுக்குக் காவல்னு எவனும் வந்ததில்ல. இங்க தினமும் நிப்பானா?" தினமும்தான் மாமா.

ஆள் எடுக்கும் நேர்காணலில் போலீஸ் அதிகாரி, பள்ளி முதல்வர் ஒருவர், பெற்றோர் ஒருவர். ஏன் பள்ளி வேலை என்று கேட்டால் பலரும் சொன்னது நேரம்தான்: இரவு ஷிஃப்ட் இல்லை, சனி ஞாயிறு வீட்டில் இருக்கலாம். அது ஒன்றும் குற்றமில்லை, நானும் அதற்காகத்தான் கம்பெனி மாறினேன். எங்களுக்குப் பயன்பட்ட கேள்வி வேறு. "ஆறாம் வகுப்பு ஆசிரியை உங்களை அழைக்கிறார். பையன் ஃபோனைத் தர மாட்டேன் என்கிறான். என்ன செய்வீர்கள்?" ஒருவர் "போய் வாங்கிவிடுவேன்" என்றார். சொல்லும்போதே கை கொஞ்சம் முன்னால் நீண்டது. இன்னொருவர், பதினைந்து வருடம் ரோந்தில் இருந்த பெண்மணி, எதிர்க்கேள்வி கேட்டார்: "வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் எதிரில் அவன் தோற்க மாட்டான். துணை முதல்வரை வரச் சொல்லிவிட்டு நான் வெளியே காரிடாரில் நிற்பேன்." அவரை எடுத்தோம்.

பயிற்சிதான் நான் மிகவும் ஆர்வமாகப் பார்த்த பகுதி. டெக்சாஸில் போலீஸ் உரிமம் வாங்கவே 700 மணி நேரத்துக்கு மேல் அகாடமி. பள்ளியில் வேலை என்றால் அதற்கு மேல் தனியாக 16 மணி நேரப் பாடம்: வளரிளம் பருவத்தினரின் மனம், சூட்டைத் தணிக்கும் பேச்சு, மனநல நெருக்கடி, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள். சட்டம் இதற்குத் தரும் கெடு, பணியில் அமர்ந்து 180 நாள். அதாவது ஆகஸ்டில் வந்தவர் பிப்ரவரி வரை இதைப் படிக்காமலேயே காரிடாரில் நிற்கலாம். பள்ளி திறக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று எம்ஓயூவில் போட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். கமிட்டியில் நான் இருந்ததற்கு ஒரே ஒரு பயன் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

துப்பாக்கிச் சூட்டுக்கான பயிற்சி வேறு. அலர்ட் என்ற மையம், சான் மார்கோஸில் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் நடக்கிறது. அங்கே தயாரான பயிற்றுநர்கள் ஜூலையில் எங்கள் நடுநிலைப் பள்ளி ஒன்றில் வந்து நடத்தினார்கள். கமிட்டி ஆட்கள் ஒரு ஓரமாக நின்று பார்க்கலாம் என்றார்கள். 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டின்போது போலீஸ் வெளியே வளைத்து நின்று ஸ்வாட் என்ற சிறப்பு அதிரடிப் படைக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகு பாடமே மாறிவிட்டது. இப்போது முதலில் வருபவர் தனி ஆளானாலும் சத்தம் வரும் திசைக்குப் போக வேண்டும். சுடுபவரை நிறுத்துவது முதலில், அடிபட்டவரின் ரத்தத்தை நிறுத்துவது அதற்கடுத்து. நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி, முகக் கவசம், ஸ்பீக்கரில் அலறல். ஆபீசர்கள் காரிடாரில் நகரும்போது பக்கத்திலிருந்த லாக்கரில் ஒரு குழந்தை ஒட்டிய யூனிகார்ன் ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் பயிற்றுநர் டெக்சாஸின் யுவால்டே ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றித் தானாகவே பேசினார். 2022 மே 24. பலியானவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அந்த மாவட்டத்துக்குச் சொந்தப் போலீஸ் படையே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் இதே வகைப் பயிற்சியும் நடந்திருந்தது. கடைசியில் 376 போலீஸார் வந்து சேர்ந்தும் வகுப்பறைக்குள் போக 77 நிமிடம். "சான்றிதழைக் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை, ரேடியோ கேட்கவில்லை. அப்போது என்ன செய்வார் என்று கேளுங்கள்" என்றார். ஆகஸ்டில் அதையே செய்தோம். மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்று பள்ளிவாரியாகக் கேட்டால் பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இப்போது ஒவ்வொரு ஆபீசரின் பெல்ட்டிலும் ஒன்று இருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது மறுநாள் நடந்த சின்னப் பயிற்சி. ஆட்டிசம் உள்ள பையன் மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான், கத்துகிறான். நடிப்பது ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை. முதலில் போன இளைஞர் நல்லவர்தான், குனிந்து "ஹே பட்டி" (நண்பா) என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் தோளிலிருந்த ரேடியோ கரகரத்தது. ஆசிரியை இன்னும் சுருண்டுகொண்டார். பயிற்றுநர் நிறுத்தச் சொன்னார். "முதலில் ரேடியோவைக் குறை. கையை பெல்ட்டிலிருந்து எடு. அவன் பக்கத்தில் வேண்டாம், அந்தச் சுவரோரம் தரையில் உட்கார். இப்போது பேசாதே." அந்த ஆறடி மனிதர் துப்பாக்கி, டேஸர் (மின் அதிர்ச்சி தரும் கருவி), விலங்கு எல்லாம் மாட்டிய பெல்ட்டோடு தரையில் உட்காரப் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் உட்கார்ந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பெரிய ஆபத்து இல்லாத நிலையில் போலீஸ் பிடித்து அமுக்கவோ டேஸர் போடவோ கூடாது என்று 2023இல் மாநிலம் தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் 'செய்யாதே' என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதை இங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பள்ளி திறந்து இப்போது தொடக்கப் பள்ளிகளிலும் நிரந்தர ஆபீசர்கள். வாரத்துக்கு ஒருமுறை வெளிக்கதவுகள் எல்லாம் பூட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலையில் எங்கள் ஆபீசரும் பள்ளி ஆட்களோடு சேர்ந்துகொள்கிறார். மாமா பேரனோடு லஞ்ச் சாப்பிடப் போனபோது முன்வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெயர் ஒட்டியைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவரிடம் கை குலுக்கிவிட்டு வந்தார். "நல்ல மனுசன்மா, வணக்கம்னு சொல்றான்." பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

தீராத விஷயங்களும் உண்டு. ஆபீசருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் யார் என்பது இன்னும் சரியாகவில்லை. நகரத்தில் பெரிய விபத்து நடந்தால் பள்ளியிலிருந்து ஆபீசரை இழுத்துக்கொள்ளும் உரிமையை நகரப் போலீஸ் விட்டுக்கொடுக்க மறுக்கிறது. சட்டப்படி அந்த நேரத்தில் பள்ளியில் ஒருவர் இருந்தாக வேண்டுமே என்றால், "அப்போது பார்த்துக்கொள்வோம்" என்கிறார்கள். எம்ஓயூ புதுப்பிப்பு மே மாதம் வருகிறது. அந்த ஷரத்துக்கு மாற்று வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மாவட்டத்திலும் இந்தக் கமிட்டி கூடும், பருவத்துக்கு ஒருமுறையும் கோடையில் ஒருமுறையுமாவது. நாற்காலி காலியா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே போனதும் ஒப்பந்தத்தின் நகலை முதலில் வாங்குங்கள், குறிப்பாக 'பிற உதவிகள்' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.