எழுதாமல் விட்டது

மார்ச் 3, திங்கள்

முப்பத்தோரு வருஷம் அதிகாரிக்குப் பி.ஏ.வாக, அதாவது நேர்முக உதவியாளராகக் குப்பை கொட்டியவன் நான். தலைவர்களைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண், பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பது யார் என்றுதான் தேடும். இந்த வாரம் முழுக்க அந்தப் படிப்புதான்.

திங்கள் என்றால் காந்தி. அது அவருடைய மௌன நாள். 1947 ஜூன் 2-ம் திங்கள்தான். பிரிவினைத் திட்டம் பற்றி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பேசுகிறார். நாடே இரண்டாகப் போகிறது. இவரோ வாய் திறக்கவில்லை. பழைய கவர்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி நீட்டினார். பேசியிருந்தால் ஆளுக்கு ஒரு விதமாக நினைவு சொல்லியிருப்பார்கள். பேசாததால் கையெழுத்தே மிஞ்சிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

சர்ச்சில். காலையில் படுக்கையில் இருந்தபடியே டிக்டேஷன், மதியம் தூக்கம், நள்ளிரவு தாண்டியும் டிக்டேஷன். அந்த டைப்பிஸ்டுகள் எப்போது தூங்கினார்களோ! 1940 ஜூலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: என் உத்தரவு எல்லாம் எழுத்தில்தான் வரும், எழுத்தில் இல்லாததற்கு நான் பொறுப்பில்லை. அடுத்த மாதமே இன்னொரு குறிப்பு, அறிக்கைகளைச் சுருக்கி எழுதுங்கள் என்று. நியாயம்.

அவர் பிரதமராகும் முன்பு நடந்ததாக ஒரு கதை உண்டு. 'க்ளாப்' எடுத்து வா என்றாராம். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவிக்கு, அது போடும் சத்தத்தை வைத்து அவர் சூட்டிய பெயர் அது. வேலைக்குப் புதிதாக வந்த செயலாளர், க்ளாப் என்ற ஜெர்மானியர் எழுதிய வரலாற்று நூலைத் தொகுதி தொகுதியாகச் சுமந்துகொண்டு வந்து நின்றாராம். எல்லோரும் சிரிக்கிற கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, புதன்

பிரிட்டிஷ் பிரதமருக்குப் புதன் பகல் 12 மணிக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம். செவ்வாயும் வியாழனும் கால் கால் மணி நேரமாக இருந்ததை 1997-ல் அப்போதைய பிரதமர் பிளேர் ஒரே நாளில் அரை மணி நேரமாக்கினார். அங்கே பேசுவதெல்லாம் அச்சில் ஏறும். அதே பிரதமர் வாரம் ஒருமுறை மன்னரைப் பார்க்கிற அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. குறிப்பெடுப்பதும் கிடையாது.

மார்ச் 6, வியாழன்

கண் எரிச்சல். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அமெரிக்க அதிபராக இருந்த நிக்ஸன். அவருடைய தினசரிக் குறிப்பைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார், போன் அவர் போட்டதா, அவருக்கு வந்ததா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். போதாததற்கு 1971-லிருந்து அறையில் ரகசிய ஒலிப்பதிவு வேறு.

இவ்வளவு இருந்தும் 1972 ஜூன் 20-ம் தேதிப் பதிவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த ஆட்கள் பிடிபட்டு மூன்றாம் நாள் அது. நாடாவைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ். போன் வந்தது, எடுக்கத் திரும்பியபோது தப்பான பட்டனை அழுத்திவிட்டேன், பெடலில் கால் அப்படியே இருந்துவிட்டது, ஒரு அஞ்சு நிமிஷம் அழிந்திருக்கும் என்றார். அதை நடித்துக் காட்டிய புகைப்படமும் இருக்கிறது: ஒரு கை பின்னால் போனுக்கு நீள்கிறது, கால் முன்னால் பெடலில்.

நானும் அந்த மாதிரி மெஷினில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவன். அழுத்தினால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். உடம்பு திரும்பினாலே கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். அஞ்சு நிமிஷமெல்லாம் சர்க்கஸ். ஐந்து தடவையாவது தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்று பிறகு நிபுணர் குழுவும் சொன்னது. யார் அழித்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. பழி மட்டும் டைப் அடித்தவள் தலையில்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சந்திப்பில் கூட இருந்த, நிக்ஸனின் தலைமை அலுவலர் ஹால்டெமன் கைப்படக் குறிப்பு எடுத்திருந்தார். அதில் வாட்டர்கேட் இருக்கிறது.

மார்ச் 8, சனி

நேரு 1947 அக்டோபரிலிருந்து மாநில முதல்வர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 1963 வரை. அச்சில் ஐந்து தொகுதிகள். நாலு பக்கம் புரட்டியதும் கவனம் என் பழைய அதிகாரியிடம் போய்விட்டது. சொல்லிக்கொண்டே வருவார், திடீரென்று "இது வேண்டாம்ப்பா" என்பார். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும்.

சாயங்காலம் பரணிலிருந்து ஒரு நோட்டை இறக்கிப் பார்த்தேன். சுருக்கெழுத்து இன்னும் தடுமாறாமல் படிக்க வருகிறது. ஒரு பக்கத்தில் பாதி வரியோடு நின்றிருக்கிறது. பென்சில் முனை அழுந்திய புள்ளி, தாளின் மறுபக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.