கூழ்ப் பதம்

டைல் வேலைக்குப் போன முதல் வருஷம். ஒரு குளியலறைத் தரையில் டைல் ஒட்டி முடிந்து, இடுக்குகளை அடைக்கும் சிமெண்ட் சாந்தான கிரவுட் போடும் வேலையை மேஸ்திரி என்னிடம் விட்டார். சுலபமாக இறங்கட்டுமே என்று தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக் குழைத்தேன். வழவழவென்று ஓடியது. மறுநாள் பார்த்தால் இடுக்கெல்லாம் குழி விழுந்து, நிறம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது.

மேஸ்திரி திட்டவில்லை. "கூழாக் கரைக்கணும் தம்பி. நீ தண்ணியாக் கரைச்சிட்டே" என்றார். சுரண்டி எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

அவர் வாயில் வந்தது 'கிரவுட்' என்ற சொல்லின் பொருளேதான் என்பது பல வருஷம் கழித்து, அகராதியைப் புரட்டியபோது தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் அது கரகரப்பாக உடைத்த தானியம். நம் நொய் மாதிரி. பிறகு அதில் காய்ச்சிய கூழுக்கும் அதே பெயர். கல் இடுக்கில் ஊற்றும் இளகிய சாந்தும் பார்க்கக் கூழாகவே இருந்ததால், ஏறத்தாழ 400 ஆண்டுகளாக அதற்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மன் மொழியில் 'க்ரூட்ஸே' என்றால் இன்றைக்கும் கூழ்தான். நாமும் டைலுக்கு அடியில் ஊற்றுவதை 'சிமெண்ட் பால்' என்கிறோம். பதம் சொல்ல அடுப்படிச் சொல்லைவிடத் தோதானது கொத்து வேலைக்கு வேறு கிடையாது என்றே நினைக்கிறேன்.

இடுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மணல் கலந்த கிரவுட் போடுவோம். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று நொய்யேதான். அந்த மணல்தான் காயும்போது சுருங்கி வெடிக்காமல் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீர் அதிகமானால் அது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நின்றுவிடும். என் நகத்தில் உதிர்ந்தது அதனால்தான்.

இப்போது என்னோடு வேலை பழகும் பையனிடம் கரணையில் அள்ளிக் கவிழ்க்கச் சொல்வேன். ஓடக்கூடாது, திரண்டு, மெதுவாக வழுக்கி விழ வேண்டும். குழைத்ததைப் பத்து நிமிஷம் அப்படியே ஊறவிடுவோம். அதற்குள் கொஞ்சம் கெட்டியாகியிருக்கும்.

"இறுகிடுச்சே அண்ணே, தண்ணி விடட்டுமா?"

"வேண்டாம்பா. கிளறு, தானா இளகும்."