கானாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

கானாவிலிருந்து திரும்பிய பதினோராவது நாள் மதியம் எனக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டும் பல் கிட்டியது. ஒரு மணி நேரத்தில் உடம்பு அனலாகக் கொதித்தது. அப்புறம் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று சொல்லி பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனேன். "சமீபத்தில் வெளிநாடு ஏதாவது போனீர்களா?" என்று அவர் கேட்டார். கானா என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஃபால்சிபாரம் மலேரியா. உயிரைக் குடிக்கக்கூடிய வகை. அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன்.

ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் வேலைக்காக மூன்று வாரம் தெமாவில் இருந்தேன். தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே உள்ள துறைமுக நகரம் அது. கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் திருட்டைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்தேன். மருத்துவர் மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினம் ஒன்று, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம்" என்றார். அங்கே இருந்தவரை ஒரு நாள் விடாமல் போட்டேன். ஊரில் கால் வைத்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்து மீதியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

அந்த நான்கு வாரம் எதற்கு என்பது படுத்த பிறகுதான் புரிந்தது. கொசு கடித்தவுடன் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் பிடிக்கும். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி நாம் ஊர் வந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தத்தில் இறங்கலாம். அப்போது மருந்து உடம்பில் இருக்க வேண்டும். அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்று இன்னொரு மாத்திரை உண்டு. அது கல்லீரலிலேயே வேலை செய்வதால், திரும்பிய பின் ஏழு நாள் போட்டால் போதும். உங்களுக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். எதுவானாலும் முழுவதும் போடுங்கள்.

நான் செய்த இன்னொரு தவறு சாயங்கால வராந்தா. அக்ரா பக்கம் வருடம் முழுக்க ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். மலேரியா கொசு வெளியே வருவதும் அப்போதுதான், விடியும்வரை இருக்கும். வேலை முடிந்து குளித்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு காற்று வாங்க உட்கார்ந்திருப்பேன். கணுக்காலைச் சுற்றி வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அந்த நேரத்தில் முழுக்கால் சட்டை, காலுறை, கொசு விரட்டி களிம்பு வேண்டும். படுக்கும்போது வலை, அதன் ஓரங்களை மெத்தைக்கடியில் செருக வேண்டும். ஏசி இருக்கிறதே என்று வலையை விடாதீர்கள், மின்சாரம் போகும். மின்வெட்டுக்கு அங்கே 'தும்சோ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும், கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

திருட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அக்ராவில் சிக்னலில் டாக்சி நின்றபோது ஜன்னலோரம் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் பின்னால் கையை நீட்டி என் கையை மடிக்கு அழுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றினார். மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். வழியில் ஏறும் டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். 'டிராப்பிங்' என்று கேட்டால் வண்டி முழுவதும் உங்களுக்கு, இல்லையென்றால் வழியில் ஆள் ஏற்றுவார்கள். மலிவாகத் தங்கம் தருகிறேன் என்று யாராவது நெருங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டுநரே இன்னொன்றும் சொன்னார்: இரவில் குமாசி நகருக்குப் போகும் சாலையில் போகாதே. விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள், எதிரே முந்தி வரும் வண்டிகள். கொள்ளைக்காரனைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன். கடலும் அப்படித்தான். அக்ராவின் லபாடி கடற்கரையில் அலை பார்க்க அழகு, ஆனால் இழுப்பு பலமானது. நான் முழங்கால் அளவோடு நின்றுகொண்டேன்.

ராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸுக்கு 193, போலீஸுக்கு 191.

மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தில் காய்ச்சல் அடங்கியது. பலம் வர ஒரு மாதம் ஆனது. அடுத்த மாதம் மறுபடி தெமா போகிறேன், போக ஆசையாகவும் இருக்கிறது. திரும்பும் தேதியிலிருந்து 28 நாளுக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டேன். வந்து மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்கக் காத்திருக்காமல், நாற்காலியில் உட்காரும்போதே "கானாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.