650 கிலோவில் ஒரு மலையேற்றம்

விடியற்காலை ஐந்தரை மணி, நல்ல குளிர். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் சோக் குமிழை முழுசாக இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்று சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. எஞ்சின் சூடாகச் சூடாகச் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, ஓட்டம் சீராகிவிட்டதா என்று காதால் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். கார்புரேட்டர் வைத்த என் பழைய மாருதி 800-இல் எந்தப் பயணமும் இப்படித்தான் தொடங்கும்.

காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. எஞ்சின் 796 சிசி, நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம். பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கிற வண்டியைத் திருப்ப கை கொஞ்சம் உழைக்க வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு விரல் அழுத்தம்கூடப் போதும்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டு, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்தேன். உள்ளங்கையில் பாரம் ஏறியது. வளைவின் நடுவே பனியில் நனைந்த ஒரு திட்டு. முன்சக்கரம் அதில் ஏறிய கணம் அந்தப் பாரம் சட்டென்று குறைந்தது. டயர் கிறீச்சிடவில்லை, வண்டி விலகவும் இல்லை. கைக்கு மட்டும் தெரிந்தது. ஆக்சிலரேட்டரில் காலை லேசாகத் தளர்த்தினேன், பிடிமானம் திரும்பிவிட்டது. வேகம் 30-ஐத் தாண்டியிருக்காது.

திருப்பிய டயர் தானாக நேராக முயலும் விசைதான் கையில் பாரமாகத் தெரிகிறது. பிடி தளரத் தொடங்கும்போது முதலில் குறைவதும் அதுதான். இந்தக் காரில் அந்தச் செய்தியை இடையில் மறிக்க எதுவும் இல்லை. எனக்கு ஓட்டும் சுகம் என்பதே இதுதான், வேகம் அல்ல.

ஏற்றத்தில் ஒருமுறை வேகத்தை விட்டுவிட்டால் இந்தச் சின்ன எஞ்சினால் உடனே மீட்க முடியாது. அதனால் கண் எப்போதும் அடுத்த வளைவில் இருக்கும். எடை குறைவின் அருமையைச் சொல்ல மினி என்ற பிரிட்டிஷ் சின்னக் காரைவிட நல்ல சாட்சி இல்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த அந்தக் காருக்கு வெறும் 848 சிசி எஞ்சின், 10 அங்குலச் சக்கரம். அதிலிருந்து பிறந்த கூப்பர் எஸ், மலைப்பாதைகள் நிறைந்த மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை 1964, 1965, 1967 என மூன்று முறை வென்றது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் காரில் ஏர்பேக் இல்லை, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. புதிய கார்களின் எடை கூடியதற்கு மோதலைத் தாங்கும் உறுதியான கட்டமைப்பும் ஒரு காரணம். அது உயிர் காக்கிற எடை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போவதென்றால் புதிய காரைத்தான் எடுப்பேன். இது, நான் தனியாக, நிதானமாக, ஆளில்லாத நேரத்தில் ஓட்டுகிற வண்டி.

இறக்கத்திலும் இரண்டாவது கியர்தான். எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் நிறுத்தி முன்சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். 1,300 கிலோ காரை அதே வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் இரண்டு மடங்கு சூட்டை விழுங்க வேண்டியிருக்கும்.

அடிவாரம் வந்தபோது மணி எட்டு. பெட்ரோல் முள் இன்னும் பாதிக்கு மேலேதான் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, மறுபடி மேலே ஏறினேன்.