அத்தானின் இரத்த அறிக்கையில் இருந்த 74

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தை மரைன் டிரைவ் ஓரமாக அக்காவுடன் நடந்துகொண்டிருந்த என் அத்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலேயே நிலத்தில் சாய்ந்தார். அவ்வழியே ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் மூச்சும் நாடியும் இல்லை என்பதை உடனே உணர்ந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அக்கா நடுங்கும் கையால் 1990 இலக்கத்தை அழைத்தார். அம்புலன்ஸ் வந்து, வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டு, இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கடந்திருந்தன. அதற்குப் பின்னர் வந்த ஐந்து நாட்களில், குறிப்பாக ஓர் இரத்தப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இதயத்தின் கதை அன்றே முடிந்துவிட்டது. அஞ்சியோகிராம் செய்து, அடைபட்டிருந்த இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, மாலைக்குள் அத்தானை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே செயற்கைச் சுவாசக் கருவியுடன், மயக்க மருந்தின் கீழ், காய்ச்சல் வராதபடி உடல் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். பொறுப்பு வைத்திய நிபுணர் எங்களிடம் தெளிவாகவே பேசினார்: இதயம் இப்போது ஒழுங்காக இயங்குகிறது, மூளையைப் பற்றித்தான் இன்னும் எதுவும் சொல்ல முடியாது. உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே அதன் கலங்கள் பாதிக்கப்படத் தொடங்கும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். ஆனால் அந்தப் பாதிப்பு இரத்தம் திரும்பிய பின்னரும் நாட்கணக்கில் தொடரக்கூடியது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டோம்.

இரண்டாம் நாள், "என்எஸ்ஈ என்றொரு சோதனை உண்டு, செய்துகொள்ள முடிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்றார் நிபுணர். நியூரோன் ஸ்பெசிபிக் எனோலேஸ் என்பது அதன் முழுப் பெயர். நரம்புக்கலங்களுக்குள் இருக்கும் ஒரு நொதியம் அது. கலம் சிதைந்தால் வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கும், ஆகவே இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் மூளையில் எவ்வளவு சேதம் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அந்த வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் அதைச் செய்யும் வசதி இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, அதாவது 48 மணி நேரம் ஆனபோது, தாதியொருவர் இரத்தம் எடுத்துக் குழாயை என்னிடம் தந்தார். கொழும்பில் இது புதுமையல்ல. நோயாளியின் மாதிரியை உறவினர் வெளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு ஓடுவது நம்மில் பலருக்குப் பழக்கமான காட்சிதான்.

நான் அதை ஐஸ்கட்டிகள் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, முச்சக்கரவண்டியில் ஏறி, காலி வீதியின் காலை நெரிசலுக்குள் புகுந்தேன். குழாய் சூடாகிவிடக் கூடாது என்பது மட்டுமே என் கவலை. சாரதி என் அவசரத்தை உணர்ந்து பள்ளம் மேடு பாராமல் ஓட்டினார், நானும் மனதுக்குள் அவரை வாழ்த்திக்கொண்டே போனேன். ஆய்வுகூடத்தில் தந்த படிவத்தில் "புற்றுநோயின் வகை" என்றொரு கட்டம் இருந்தது. சிலவகை நுரையீரல் புற்றுநோய்களிலும் இந்த நொதியம் உயர்வதால் இச்சோதனை பெரும்பாலும் அதற்காகவே கேட்கப்படுகிறது என்று கருமபீடத்தில் இருந்த பெண் விளக்கினார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்டேன்.

மாலையில் முடிவு கைத்தொலைபேசிக்கு வந்தது: 74. அருகில் உயர்வு என்பதைக் குறிக்கும் தடித்த எழுத்து, அதற்கடுத்து, சாதாரண அளவு ஏறத்தாழ 16 வரை என்ற குறிப்பு. நான் கணக்காய்வுத் தொழிலில் இருப்பவன். எந்த எண்ணைக் கண்டாலும் அதற்குரிய மூலப் பற்றுச்சீட்டைக் கேட்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அன்று அந்தப் பழக்கம் முழுவதும் என்னைக் கைவிட்டது. நாலரை மடங்கு என்று மனம் வகுத்துச் சொன்னது. அதற்கப்பால் எதையும் யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு அறிக்கையின் படத்தைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் கனடாவிலிருந்து மருமகன் ஒருவர் இணையத்தில் தேடி, "60-க்கு மேல் போனால் நினைவு திரும்பாதாம்" என்று எழுதினார். அக்கா அதை வாசித்துவிட்டுச் சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் படத்தை அனுப்பியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இரவு பார்வை நேரத்தில், கடமையிலிருந்த இளம் தமிழ் வைத்தியர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டினேன். 16 என்பது நோயற்றவர்களுக்கும் புற்றுநோய்ச் சோதனைக்கும் உரிய எல்லை, இதயம் நின்று மீண்டவர்களுக்கு அதை வைத்துப் பார்ப்பதில்லை என்று முதலில் சொன்னார். மருமகன் கண்டெடுத்த 60 கற்பனை அல்ல. ஐரோப்பிய மீளுயிர்ப்பு மன்றமும் ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலில், 48 அல்லது 72 மணி நேரத்தில் லீற்றருக்கு 60 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட என்எஸ்ஈ சாதகமற்ற அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. (அறிக்கையில் மில்லிலீற்றருக்கு நானோகிராம் என்று இருந்தது, இரண்டும் ஒரே அளவுதான் என்பதை வகுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன், தொழிற்புத்தி அவ்வளவாவது மிஞ்சியிருந்தது.) அதன் பின் அவர் அறிக்கையைக் கீழே தள்ளிச் சென்று, நான் வாசிக்காமல் விட்ட கடைசி வரியில் விரலை வைத்தார். மாதிரியில் செங்குருதிக் கலங்கள் உடைந்திருக்கின்றன என்று அதில் ஆய்வுகூடம் சிறிய எழுத்தில் குறித்திருந்தது.

பெயரில் "நியூரோன்" இருந்தாலும், இந்த நொதியம் நரம்புக்கலத்துக்கு மட்டுமே உரியதன்று. செங்குருதிக் கலங்களிலும் குருதிச் சிறுதட்டுகளிலும் அது இருக்கிறது. குழாய்க்குள் அக்கலங்கள் உடைந்தால் அவற்றிலுள்ள எனோலேஸும், அளப்பதற்கு எடுக்கும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான நீர்ப்பாயத்தில் கலந்துவிடும். கருவியோ இது மூளையிலிருந்து வந்தது, இது குழாய்க்குள் கசிந்தது என்று பிரித்தறியாது. மாதிரியைக் குலுக்குவது, ஐஸ்கட்டியுடன் நேரே படும்படி வைத்து உறையவிடுவது, கலங்களையும் நீர்ப்பாயத்தையும் பிரிக்காமல் நீண்ட நேரம் வைத்திருப்பது ஆகிய எல்லாமே கலங்களை உடைக்கும். இவற்றில் இரண்டையாவது, மூன்றையுமேகூட, நான் அக்கறையோடு செய்து முடித்திருந்தேன். இப்படியொரு மாதிரியை ஏற்று எண்ணை மேலே தடித்த எழுத்திலும் எச்சரிக்கையைக் கீழே சிறிய எழுத்திலும் அச்சிடுவது சரியான முறைதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு. எங்கள் தொழிலில் அத்தகைய குறிப்பை எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுவோம்.

மறுநாள் 72 மணி நேரத்தில் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். இம்முறை வைத்தியசாலையிலேயே மையநீக்கியில் சுழற்றிப் பிரித்த நீர்ப்பாயத்தை மட்டும் தனிக் குழாயில் தந்தார்கள். முதல் நாள் மாதிரி எப்படி இருந்ததென்று பார்க்காமல் விட்டவன், இம்முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வைக்கோல் நிற மஞ்சள், சிவப்பின் சாயல் இல்லை. நண்பரின் காரில், மடியில் வைத்துக்கொண்டு போனேன். முடிவு 31 என்று வந்தது. இரத்தத்தில் இந்த நொதியம் ஏறத்தாழ ஒரு நாளில், அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில், பாதியாகக் குறைவதால், 74-இல் எவ்வளவு அத்தானின் மூளைக்குரியது, எவ்வளவு என் முச்சக்கரவண்டிப் பயணத்துக்குரியது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 48-க்கும் 72-க்கும் இடையில் எண் ஏறவில்லை, இறங்கியது என்பதே தனக்கு முக்கியம் என்றார் நிபுணர்.

அதற்காக அவர் நம்பிக்கை வார்த்தை எதையும் அள்ளித் தரவில்லை. அன்று அத்தானின் நிலை கவலைக்குரியதாகவே இருந்தது. நகக்கண்ணை அழுத்தினால் கை விலகுவதற்குப் பதிலாக விறைப்பாக மடங்கியது. அந்த நிலையில் 72 மணி நேரத்தைக் கடந்த ஒருவருக்குத்தான் வழிகாட்டல் பொருந்தும் என்றும், அப்போதும் ஒற்றை அறிகுறியைக் கொண்டு முடிவு செய்வதில்லை, குறைந்தது இரண்டு வேண்டும் என்றும் விளக்கினார். கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் கருவிழியைத் தொட்டால் இமை மூடாமலும் இருப்பது, மூளையின் மின் அலைப் பதிவான ஈஈஜியில் மிக மோசமான கோலம் தெரிவது, மணிக்கட்டில் கொடுக்கும் மின்தூண்டல் மூளையின் இருபுறத்தையும் எட்டாமல் போவது, முதல் மூன்று நாட்களுக்குள் உடல் விடாமல் துள்ளுவது, ஸ்கேனில் பரவலான சேதம் தெரிவது ஆகியவையே என்எஸ்ஈயோடு சேர்த்துப் பார்க்கப்படும் மற்றவை. அத்தானின் கண்மணிகள் முதல் நாளிலிருந்தே சுருங்கின. சீடி ஸ்கேனில் வீக்கம் இல்லை. ஈஈஜி மந்தமாக இருந்தாலும் அலைகள் அறுபடாமல் ஓடின. ஆகவே முதல் எண்ணை அப்படியே உண்மையென்று கொண்டிருந்தாலும், அது தனியொரு சாட்சியாகத்தான் நின்றிருக்கும்.

அந்த இளம் வைத்தியர் சொன்ன மற்றொரு விடயத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எண்ணைப் பார்த்து நம்பிக்கையிழந்து சிகிச்சையை நிறுத்தினால் நோயாளி இறந்துவிடுவார். இறந்ததைக் காட்டி எண் சரியாகச் சொன்னது என்று பிறகு எழுதிவிடலாம். ஆய்வுகளிலேயே இந்தச் சிக்கல் உண்டு என்பதால்தான் இத்துறையில் அவசரப்படாமல் காத்திருப்பது ஒரு விதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மயக்க மருந்து உடலைவிட்டு நீங்கச் சிலருக்கு நாட்கள் எடுக்கும், சிறுநீரகமோ ஈரலோ களைத்திருந்தால் இன்னும் கூடுதலாக எடுக்கும்.

பின்னர் ஆற அமர வாசித்தபோது, என்எஸ்ஈக்கு மாற்றாக நியூரோபிலமென்ட் லைட் என்ற புரதம் ஆராயப்படுவதை அறிந்தேன். நரம்புக்கலத்தின் நீண்ட நார்ப்பகுதிக்குச் சட்டகமாக இருப்பது அது. 33 பாகையா 36 பாகையா என்று வெப்பநிலைச் சிகிச்சையை ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வொன்றில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று அந்த இரத்தத்தில் இப்புரதத்தை அளந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், 24 மணி நேரத்திலேயே இது என்எஸ்ஈயைவிடச் சிறப்பாக முன்கூறியது என்று காட்டினார்கள். செங்குருதிக் கலம் உடைவதால் இது என்எஸ்ஈ போலப் பொய்யாக ஏறுவதில்லை என்ற வரியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எனினும் வயதும் சிறுநீரக நோயும் இந்த எண்ணையும் உயர்த்தும். அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு வேண்டும்.

நான்காம் நாள் மாலை, நகத்தை அழுத்தியபோது அத்தான் கையை இழுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்து, குரல் வந்த பக்கம் திரும்பினார். அடுத்த வாரம் சாதாரண விடுதிக்கு மாற்றினார்கள்.

வீடு திரும்பிய பின்னர்தான் மற்றக் கணக்கு தொடங்கியது. இரத்த ஓட்டம் நின்றால் மிக எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளுள் ஒன்று ஹிப்போகம்பஸ், புதிய நினைவுகள் பதிய உதவுவதும் அதுதான். புறக்கோட்டையில் முப்பது வருடம் துணி மொத்த வியாபாரம் செய்த அத்தானுக்கு 1990-களின் மல் துணி விலை நினைவிருக்கிறது, காலையில் மருந்து குடித்தது நினைவிருப்பதில்லை. மூன்றாம் மாதம் கிளினிக்கில் மணிக்கூடு வரைந்து காட்டச் சொன்னபோது சரியாக வரைந்தார். ஐந்து சொற்களைச் சில நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டபோது இரண்டைத்தான் சொன்னார். இதை அளக்கும் இரத்தப் பரிசோதனை எதையும் எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. சமையலறைச் சுவரில் மருந்து அட்டவணை ஒட்டி, குடித்ததும் அவரே கோடு போடும்படி அக்கா பழக்கியிருக்கிறார். மாலையில் சீக்கிரம் களைத்துப் போகிறார், அதனால் கடைக்கு அரை நாள் மட்டுமே போகிறார்.

சென்ற மாதம் மருத்துவக் கோப்பினை ஒழுங்குபடுத்தும்போது இரண்டு என்எஸ்ஈ அறிக்கைகளையும் அவரிடம் காட்டி, நடந்ததை முழுவதும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்களை விட்டுவிட்டு, அடியிலிருந்த கட்டணத்தைப் பார்த்தார்.

"ஒரே சோதனைக்கு ரெண்டு தரம் காசு கட்டினியோ, தம்பி?" என்றார். குழாயை நான் குலுக்கிய கதையை மறுபடியும் சொன்னேன், நன்றாகச் சிரித்தார். தேநீர் குடித்து முடித்த பின் அந்தக் கோப்பினை எடுத்துத் திறந்தவர், அதே இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்.